மூன்றாவது சொம்புக்குப் பிறகு

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. ஆறாம் வகுப்பு படிக்கிறான். ஒன்றரை வருடமாக ஒரு பிரச்சினை. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றிக்கொள்ளும்போது, மூன்று நான்கு சொம்பு ஊற்றியதும் அப்படியே மலைத்துப் போகிறான். கூப்பிட்டால் காதில் விழுவதில்லை. கை மட்டும் நிற்காமல், இன்னும் வேகமாக மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே இருக்கிறது. முகத்தில் ஒரு சிரிப்பு. வாய் எதையோ மெல்லுகிறது. இரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடுவான். கேட்டால் திருதிருவென்று விழிப்பான். வெந்நீரை நான் விளாவி வைத்தால், இன்னும் சூடாக வேண்டும் என்று சண்டை போடுகிறான். இதுவரை ஏழெட்டு முறை இப்படி ஆகியிருக்கிறது. சென்ற மாதம் கீழே விழுந்து கைகால் இழுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டான். இ.இ.ஜி., எம்.ஆர்.ஐ. இரண்டிலும் ஒன்றுமில்லை என்கிறார்கள். முதலில் பார்த்த டாக்டர், "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள், நடிக்கிறான்" என்றார். அதை நம்பி ஒரு நாள் அவனை அடித்தும்விட்டேன். அடுத்தவர் தினசரி மாத்திரை கொடுத்தார். "டெஸ்டில் ஒன்றுமில்லையே, மாத்திரை எதற்கு?" என்று என் கணவர் பத்து நாளில் நிறுத்திவிட்டார். மாமியார், கன்னிமார் குறை என்று தாயத்துக் கட்டியிருக்கிறார். (மே மாதம் என் தங்கை வீட்டில் மூன்று வாரம் இருந்தான். அங்கே வெயிலுக்குப் பச்சைத் தண்ணீரில்தான் குளியல். ஒரு நாளும் வரவில்லை. அதனால் எங்கள் வீட்டில் இடத்தோஷம் என்றும் சொல்கிறார்கள்.) என் கணவரின் அண்ணனுக்கும் சின்ன வயதில் 'தண்ணீர் ஜன்னி' இருந்ததாம். இப்போது 45 வயது. மார்கழியிலும் கிணற்றடியில் பச்சைத் தண்ணீரில்தான் குளிப்பார். ஏன் என்று கேட்டால் சிரிப்பார். இது வலிப்பு நோயா? வாழ்நாள் முழுதும் மாத்திரையா? இவனுக்கு 7 வயதில் ஒரு தங்கை இருக்கிறாள், அவளுக்கும் வருமா? தீபாவளிக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் முதலில் அடிக்கோடிட்ட இடம், முக்கியமில்லை என்று நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டது. தங்கை வீட்டில் மூன்று வாரம், பச்சைத் தண்ணீர், ஒரு முறைகூட வரவில்லை. அது இடத்தோஷம் அல்ல. என்ன நோய் என்பதைப் பாதிக்கு மேல் சொல்லிவிடுகிற வரி அதுதான். மீதியை அந்த மூன்றாவது சொம்பு சொல்லிவிடுகிறது.

இதற்கு வெந்நீர் வலிப்பு என்று பெயர். நான் உங்கள் மகனைப் பார்க்கவில்லை. கடிதத்தை வைத்துக்கொண்டு நோயை உறுதி செய்வது என் தொழிலுக்கு அழகல்ல. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை ஒரு மருத்துவ மாணவன் தேர்வில் எழுதியிருந்தால், புத்தகத்தைப் பார்த்துக் காப்பி அடித்திருக்கிறான் என்று சந்தேகப்பட்டிருப்பேன். அவ்வளவு பொருத்தம்.

வலிப்பு என்றால் காரணமில்லாமல், சொல்லாமல் கொள்ளாமல் வருவது என்றுதான் நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் சிலருடைய மூளைக்கு ஒரு குறிப்பிட்ட தூண்டுதல் மட்டும் ஒத்துக்கொள்ளாது. விட்டு விட்டு மின்னும் வெளிச்சம் பலருக்குத் தெரிந்த உதாரணம். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சிக் கார்ட்டூன் காட்சியைப் பார்த்து நூற்றுக்கணக்கான குழந்தைகள் ஒரே மாலையில் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. சத்தமாகப் படித்தால் வருகிறவர்கள் இருக்கிறார்கள். சாப்பிடும்போது மட்டும் வருகிறவர்களும் இருக்கிறார்கள். இலங்கையில் பேராதனையைச் சேர்ந்த மருத்துவர் நிமல் சேனநாயக்க, ஒரே குடும்பத்தில் பலருக்குச் சோற்றுத் தட்டின் முன்னால் வலிப்பு வருவதைப் பதிவு செய்திருக்கிறார். உங்கள் மகனுக்கு அந்தத் தூண்டுதல், தலையில் விழுகிற வெந்நீர்.

மருத்துவ இதழ்களில் இதை முதலில் எழுதியவர் ஒரு நியூசிலாந்துக்காரர், 1945இல், ஒரு பத்து வயதுப் பையனைப் பற்றி. பிறகு உலகின் பல மூலைகளிலிருந்து ஒன்று இரண்டாகச் செய்தி வந்தது. பெங்களூரில் டாக்டர் கே. எஸ். மணியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1974இல் 108 பேரை வரிசையாகக் காட்டியபோதுதான், இது எங்கோ ஒருவருக்கு வரும் விசித்திரமல்ல, தென்னிந்தியாவின் சொந்தச் சரக்கு என்று தெரிந்தது. 1988இல் அதே ஊரில் நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் டாக்டர் சதீஷ்சந்திரா குழுவினர் 279 பேரைப் பற்றி எழுதினார்கள். கர்நாடகத்தில் மைசூர் வட்டாரம், அதை ஒட்டிய தமிழகப் பகுதிகள், ஆந்திரம் என்று நம் பக்கத்தில்தான் இது மிகுதி. நமக்கு அடுத்தபடியாக அதிகம் எழுதியிருப்பவர்கள் துருக்கியர்கள். வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் இதற்கு நான்கு வரிதான் இருக்கும். அந்த நான்கு வரியை மட்டும் படித்துவிட்டு நம் ஊரில் வைத்தியம் பார்க்க உட்கார்ந்தால், உங்கள் மகனை 'நடிக்கிறான்' என்றுதான் சொல்ல வரும்.

ஏன் நம் பக்கம்? ஒரு காரணம் நாம் குளிக்கிற விதம். 40 முதல் 50 டிகிரி வரை சூடான நீர். அதை உச்சந்தலையில் சொம்பு சொம்பாக, இடைவெளி விடாமல் கவிழ்க்கிறோம். சூடு மட்டும் காரணமென்றால் கொதிக்கிற ரசம் குடித்தாலும் வர வேண்டும். தண்ணீர் மட்டும் காரணமென்றால் மழையில் நனைந்தாலும் வர வேண்டும். சூடு, அது தலையில் விழும் வேகம், தொடர்ந்து விழுவது, மண்டைத் தோலில் அந்த ஸ்பரிசம் எல்லாம் சேர வேண்டியிருக்கிறது. தோளிலும் முதுகிலும் அதே நீரை ஊற்றிக்கொண்டால் பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. உடல் வெப்பத்தைச் சமன்செய்யும் மூளைப் பகுதியில் பிறவியிலேயே ஒரு நுண்ணிய கோளாறு இருக்கலாம், அதனால் திடீர் சூட்டை அந்த மூளையால் தாங்க முடிவதில்லை என்பது ஆய்வாளர்களின் கருத்து. குளிக்கும் பழக்கம் மட்டுமே காரணமென்றால் மார்கழியில் பாதித் தமிழ்நாடு விழுந்து கிடக்க வேண்டும். ஆகவே பரம்பரைக்கும் பங்கு இருக்கிறது. உங்கள் கணவரின் அண்ணனைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களை அதிகம் குழப்பியது அதுதான் என்று நினைக்கிறேன். நோய் வந்த பிள்ளை சிரிப்பானா, இன்னும் சூடாக வேண்டும் என்று கேட்பானா? கேட்பான். இந்த வலிப்பு பலருக்கு மூளையின் பக்கவாட்டுப் பகுதியில், நெற்றிப்பொட்டுக்கு உட்புறமாகத் தொடங்குகிறது. நினைவும் வாசனையும் உணர்ச்சியும் புழங்குகிற இடம் அது. அங்கே தொடங்கும்போது சிலருக்குப் பயம் வரும், சிலருக்கு ஏதோ பழைய இடத்துக்கு வந்தது போலிருக்கும், சிலருக்கு விவரிக்க முடியாத ஒரு சுகம் வரும். சுகம் வருகிறவர்கள் கையை நிறுத்த மாட்டார்கள். பல வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஓர் இளைஞர், கல்லூரி மாணவர், பெற்றோரை வெளியே அனுப்பச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "டாக்டர், வரப்போவது எனக்குத் தெரியும். இரண்டாவது சொம்பிலேயே தெரிந்துவிடும். நிறுத்தலாம். ஆனால் நிறுத்த மனம் வராது." சொல்லி முடித்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஏதோ கெட்ட பழக்கத்தை ஒப்புக்கொள்வது போல அவர் சொன்னார். அது பழக்கமல்ல, வலிப்பின் முதல் நிமிடம்.

உங்கள் மகனிடமும் இதைக் கேளுங்கள். மிரட்டாமல், வேறு யாரும் இல்லாதபோது: "தண்ணீர் ஊற்றும்போது உள்ளே எப்படி இருக்கும்?" நாற்பதாயிரம் ரூபாய் பரிசோதனை சொல்லாததை அவன் சொல்லக்கூடும்.

பரிசோதனைக்கே வருகிறேன். உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது: டெஸ்டில் ஒன்றுமில்லையே? உங்கள் வீட்டுத் திருடன் சனிக்கிழமை காலையில் கொல்லைப்புற வழியாக வருகிறவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை மாலை வாசல் திண்ணையில் இருபது நிமிடம் காவல் இருந்துவிட்டு, "இந்தத் தெருவில் திருடனே கிடையாது" என்றால் ஒப்புக்கொள்வீர்களா? மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. அந்த இருபது, முப்பது நிமிடக் காவல்தான். வெந்நீர் வலிப்பு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மற்ற நேரங்களில் அது சாதாரணமாகவே இருக்கும். எம்.ஆர்.ஐ. மூளையின் புகைப்படம், கட்டியோ தழும்போ இருந்தால் காட்டும், மின்னோட்டத்தில் நடக்கும் கோளாற்றைக் காட்டாது. இரண்டும் நன்றாக இருப்பது நல்ல செய்தி. அதை வைத்து வலிப்பே இல்லை என்று முடிவு கட்டுவதுதான் பிழை. நடிப்பு என்ற முடிவைப் பற்றி நான் அதிகம் பேச விரும்பவில்லை. நாக்கை ரத்தம் வரக் கடித்துக்கொள்ளும் பதினோரு வயது நடிகனை நான் இன்னும் பார்க்கவில்லை.

மற்றவர்களை மட்டும் குறை சொல்வது சரியாகாது. நானும் இதே இடத்தில் சறுக்கியவன். பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து வயது. வலிப்புக்கு ஒரு மாத்திரை, போதாதென்று இரண்டு, பிறகு மூன்று. ஒவ்வொரு மாதமும் அவளுடைய அப்பா ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவருவார். வலிப்பு வந்த தேதிகளைச் சிவப்பு மையில் எழுதியிருப்பார். நான் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டு மாத்திரை அளவை ஏற்றுவேன். இப்படியே ஒன்றரை வருடம். ஒரு நாள் வார்டில் அந்த நோட்டு விரித்தபடி கிடந்தது. படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்த ஆயா, சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எல்லாம் செவ்வாயும் வெள்ளியுமாக இருக்கிறதே, டாக்டர். பெண்பிள்ளைகள் தலைக்கு ஊற்றிக்கொள்ளும் நாளாயிற்றே" என்றார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. தேதிகள் அத்தனையும் என் கண் முன்னால்தான் இருந்தன. கிழமையைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பிறகு அந்தப் பெண்ணுக்கு மாத்திரைகளைப் படிப்படியாகக் குறைத்தோம், வெந்நீரை ஆற்றினோம். அன்றிலிருந்து என்னிடம் வருகிற ஒவ்வொரு வலிப்பு நோயாளியிடமும் 'எப்படிக் குளிப்பீர்கள்?' என்று கேட்கிறேன். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், குளியலறையில் விழுவதெல்லாம் வெந்நீர் வலிப்பு ஆகிவிடாது. இதையும் நீங்கள் கவனிக்க வேண்டும். உங்கள் வீட்டில் வெந்நீர் எதில் போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. அடுப்பில் அண்டா வைத்தா, மின்சாரக் கம்பியை வாளிக்குள் போட்டா, கேஸ் கீஸரிலா? கேஸ் கீஸர் குளியலறைக்குள்ளேயே, ஜன்னல் இல்லாத அறையில் இருந்தால், எரிவாயு சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமில்லை, வாசனையில்லை. குளிக்கிறவர் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சுருண்டு விழுவார். கைகால் இழுக்கவும் செய்யும். அப்படி மூன்று முறை விழுந்து, வலிப்பு என்று மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணியை நான் பார்த்திருக்கிறேன். "வேறு யாருக்காவது அந்த அறையில் தலை வலித்திருக்கிறதா?" என்று கேட்டபோது, "எல்லோருக்கும்தான் வலிக்கும், டாக்டர்" என்றார். கீஸரை வெளிச்சுவருக்கு மாற்றியதும் மாத்திரைக்கு வேலையில்லாமல் போனது. மாற்றாமல் விட்டிருந்தால் அந்த வீட்டில் ஒரு சாவு விழுந்திருக்கும்.

உங்கள் மகன் விஷயத்தில் இது இல்லை என்றே தோன்றுகிறது. மூன்றாவது சொம்பிலேயே வருகிறது, இரண்டு நிமிடத்தில் தானாகத் தெளிகிறது, வாய் மெல்லுகிறது. விஷ வாயு அப்படி நேரம் பார்த்து வராது. இருந்தாலும் கீஸரைப் பார்த்துவிடுங்கள். வாளிக்குள் போடும் மின்சாரக் கம்பி என்றால், கசிவால் ஷாக் அடிக்கிறதா என்பதையும் எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண மயக்கமும் உண்டு: சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்கி, கண் இருட்டி, முகம் வெளிறி விழுவார்கள், விழுந்த உடனே தெளிந்து, 'எனக்கு என்ன ஆயிற்று' என்று கேட்பார்கள். இதயத் துடிப்புக் கோளாறு சிலருக்கு வலிப்புப் போலவே காட்டும். அதற்காக ஓர் இ.சி.ஜி. எடுக்கச் சொல்லுவேன், அதிகச் செலவில்லை, ஒரு சந்தேகம் தீரும்.

மருத்துவரிடம் போகும்போது இரண்டு பொருள் கொண்டுபோங்கள். ஒன்று, நாட்காட்டி. இதுவரை வந்த நாட்களை நினைவிருக்கிற வரை குறியுங்கள். கிழமை, தலைக்கு ஊற்றினானா உடம்புக்கு மட்டுமா, எத்தனையாவது சொம்பு, குளியலறைக்கு வெளியே, தூக்கத்தில், பள்ளியில் என்றைக்காவது வந்ததா. பள்ளி ஆசிரியையிடமும் கேளுங்கள்: வகுப்பில் சில நொடி மலைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறானா? இதற்கான விடைதான் சிகிச்சையை முடிவு செய்யும். குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் ஜன்னி கண்டதா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கைபேசியில் எடுத்த வீடியோ. ஆனால் அதற்காக வெந்நீர் ஊற்றி வரவழைத்துப் பார்க்காதீர்கள். ஊர்ப்பக்கம் சிலர், 'சோதித்துப் பார்ப்போம்' என்று நன்றாகக் கொதிக்க வைத்து ஊற்றியிருக்கிறார்கள். தேவைப்பட்டால் அதை மருத்துவமனையில், இ.இ.ஜி. கம்பிகளைப் பொருத்தி, பக்கத்தில் மருந்துடன் ஆள் நிற்கும்போது செய்வோம், பெரும்பாலும் தேவைப்படாது. தானாக வந்தால், அவனைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்ட பிறகு, கை இன்னொன்று சும்மா இருந்தால், முப்பது நொடி எடுங்கள். இடுப்பில் துண்டு இருக்கட்டும். அந்த வீடியோ குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக் கூடாது.

இனி சிகிச்சை. பாதி சிகிச்சை உங்கள் வாளியில் இருக்கிறது. விளாவுதல் என்று நம் பாட்டிமார் செய்த வேலைதான்: கொதிநீரில் பச்சைத் தண்ணீர் கலந்து இதமாக்குவது. உங்கள் முழங்கையை அந்த நீரில் வையுங்கள். 'சூடு' என்று தோன்றினால் அது அவனுக்கு அதிகம். ஒன்றுமே தோன்றாமல் வெறும் ஈரமாக இருந்தால் சரி. விளாவுவது வீட்டுப் பெரியவர்கள் மட்டும். அவனிடம் விட்டால் அவன் கை சூட்டைத்தான் தேடும். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. குளியலறைக்குள் தனியாகக் கொதிநீர் வாளி இருக்கவே கூடாது. வலிப்பில் விழுந்ததால் இறந்தவர்களைவிட, விழுந்தபோது கொதிநீரைக் கவிழ்த்துக்கொண்டு வெந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். முதலில் கால், கை, முதுகு. தலைக்குக் கடைசியில், கொஞ்சமாக, விட்டு விட்டு. நின்றுகொண்டு குளிக்காமல் பிளாஸ்டிக் முக்காலியில் உட்காரட்டும். கதவைச் சாத்திக்கொள்ளலாம், தாழ்ப்பாள் போடக் கூடாது. பதினோரு வயதுப் பையனுக்கு வெட்கம் வந்திருக்கும். வாசலில் நீங்கள் நிற்காமல் அவன் அப்பாவை நிறுத்துங்கள்.

பலருக்கு இதுவே போதும். போதாதவர்களுக்கு, அல்லது வெந்நீர் இல்லாமல் இருக்க முடியாத குளிர்ப் பிரதேசக்காரர்களுக்கு, குளோபசாம் என்ற மாத்திரையைத் தலைக்கு ஊற்றும் நாளில் மட்டும், குளிப்பதற்கு ஒன்றரை இரண்டு மணி நேரம் முன்னால் கொடுக்கும் முறை இருக்கிறது. மற்ற நாட்களில் மாத்திரையே இல்லை. நம் நாட்டு மருத்துவர்களின் அனுபவத்தில் நன்றாக வேலை செய்த முறை இது. கொஞ்சம் தூக்கம் வரும், சில பிள்ளைகள் சிடுசிடுப்பார்கள். எடை பார்த்து அளவு சொல்ல வேண்டிய மருந்து என்பதால் இங்கே எழுத மாட்டேன். கடையில் நீங்களாக வாங்கவும் கூடாது. தினசரி மாத்திரை யாருக்கு என்றால், தண்ணீர் படாமலும் வலிப்பு வரத் தொடங்கியவர்களுக்கு. வெந்நீர் வலிப்புக்காரர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரிலிருந்து மூன்றில் ஒருவர் வரை, சில வருடங்களில் அப்படி ஆவதுண்டு. ஆசிரியையிடம் கேட்கச் சொன்னது இதற்குத்தான்.

உங்கள் இரண்டாவது டாக்டர் மாத்திரை எழுதியது தப்பில்லை. ஏன் எழுதினார் என்பதை உங்கள் கணவருக்குப் புரியும்படி அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான். பத்து நாள் கொடுத்துச் சட்டென்று நிறுத்தியதில் இம்முறை விபரீதம் நேரவில்லை. மாதக்கணக்கில் சாப்பிட்ட மாத்திரையை இப்படி நிறுத்தினால், அந்த நிறுத்தலே பெரிய வலிப்பைக் கொண்டுவரும். எனவே இனிமேல் தொடங்குவதும் நிறுத்துவதும் நரம்பியல் மருத்துவரைக் கேட்டு நடக்கட்டும். வாழ்நாள் முழுதும் என்ற பயம் வேண்டாம். வெந்நீரில் மட்டும் வருகிறவர்களில் பலருக்குச் சில வருடங்களில் தானாகவே அடங்கிவிடுகிறது.

மறுபடி இழுத்தால், தண்ணீரிலிருந்து அவனை நகர்த்தி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்குக் கீழே மடித்த துண்டு. கையில் சாவி, வாயில் கரண்டி, வெங்காயம் எதுவும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், அல்லது தெளியாமலே அடுத்தது வந்தால், 108ஐ அழையுங்கள். ஏரி, குளம், கிணறு, நீச்சல் குளம் எதிலும் இறங்க வேண்டாம், இப்போதைக்கு.

தாயத்து இருக்கட்டும். அதை அவிழ்ப்பதற்காக மாமியாருடன் சண்டைக்குப் போகாதீர்கள். எனக்கு அந்த அம்மாளின் மேல் மதிப்புதான் வருகிறது. கன்னிமார் குளக்கரையிலும் கிணற்றடியிலும் குடியிருக்கிற தெய்வங்கள். பேரனுக்கு என்ன ஆனாலும் தண்ணீரோடு சம்பந்தப்பட்டது என்பதை அவர் கண்டுபிடித்திருக்கிறார். முதல் டாக்டர் அதைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. கன்னிமாருக்குப் பொங்கல் வைப்பதோடு, விளாவுகிற பொறுப்பையும் அவரிடம் கொடுத்துப் பாருங்கள். உங்களைவிடக் கண்டிப்பாக இருப்பார்.

அடித்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவனுக்கு வலிப்பு நினைவிருக்காது, அடி நினைவிருக்கும். எதற்கு அடி வாங்கினோம் என்றே தெரியாமல் வாங்கியிருக்கிறான். உட்கார வைத்து, நடந்தது இன்னது, அது உன் தப்பில்லை, எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்று சொல்லிவிடுங்கள். பதினோரு வயதுக்கு நன்றாகவே புரியும்.

தங்கைக்கு வருமா என்ற கேள்விக்கு: இது குடும்பங்களில் ஓடுவதுண்டு. பெங்களூரில் சில குடும்பங்களை ஆராய்ந்து, 4ஆவது, 10ஆவது குரோமோசோம்களில் தொடர்புள்ள இடங்களைக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அண்ணனுக்கு இருப்பதால் தங்கைக்கு வந்தே தீரும் என்பதில்லை. மேலும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இது குறைவாகத்தான் வருகிறது. அவளுக்கு ரத்தப் பரிசோதனை எதுவும் தேவையில்லை. வீட்டில் ஒரே வாளியில் விளாவுங்கள், அவளும் அதிலேயே குளிக்கட்டும்.

தீபாவளிக்குத் தாராளமாக எண்ணெய் வைக்கலாம். நல்லெண்ணெய்க்கும் சீயக்காய்க்கும் இந்த வலிப்போடு ஒரு சம்பந்தமும் இல்லை. விடியற்காலையில் தூக்கம் கெட்டு எழுப்புவதுதான் எனக்குச் சற்று யோசனை. தூக்கக்குறைவு எந்த வலிப்பையும் எளிதாக்கும். முதல் நாள் இரவு அவனைச் சீக்கிரம் படுக்க வையுங்கள், முடிந்தால் அதற்குள் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். பட்டாசெல்லாம் வெடிக்கட்டும்.

அவனுடைய பெரியப்பாவிடம் கொஞ்சம் பேச வேண்டும். 45 வயது மனிதர், மார்கழிக் குளிரில், கிணற்றடியில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுக் காரணம் கேட்டால் சிரிக்கிறார். முப்பது வருடமாக எந்த டாக்டரும் சொல்லிக் கொடுக்காமல் அவராகவே ஒரு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நான் நினைக்கிறேன். எந்த வயதில் தொடங்கியது, எப்போது நின்றது, வெந்நீரில் கடைசியாக எப்போது குளித்தார், அப்போது என்ன ஆயிற்று என்று அவரிடம் பக்குவமாகக் கேளுங்கள். உங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டால், உங்கள் கணவரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளில் அவரையும் உடன் அழைத்துக்கொண்டு போங்கள்.